தரிசாகிப்போன படிக்கட்டு நிலங்களை மீட்பது எப்படி?

(ஜவ்வாது மலைப் பகுதி உழவர்களிடையே ஆற்றிய உரை)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது புதிய இரகத்தைப் பற்றியோ புதிய மருந்தைப் பற்றியோ அன்று. உங்கள் பாட்டனார் கல் அடுக்கிக் கட்டி, உங்கள் தந்தையார் காலம் வரை விளைந்து, இன்று உண்ணிச்செடி மண்டிக் கிடக்கும் படிக்கட்டு நிலங்களைப் பற்றியது. திருப்பத்தூர்ப் பக்கம் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு ஆகிய மூன்று நாடுகளிலும், கிழக்கே ஜமுனாமரத்தூர்ப் பக்கத்திலும் உள்ள சரிவுகளைச் சற்று உற்றுப் பார்த்தால், புதருக்குள் வரிசை வரிசையாகக் கல்கட்டு தெரியும். அது வெறும் கல் அன்று. மூன்று தலைமுறையின் உழைப்பு.

அந்த நிலங்கள் ஏன் விடப்பட்டன என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மழை ஏமாற்றியது. சாமைக்கு விலை இல்லை. குத்திப் புடைத்து அரிசியாக்க ஆள் இல்லை. இளைஞர்கள் கட்டட வேலைக்கும் கரும்பு வெட்டுக்கும் சமவெளிக்குப் போனார்கள். சிலர் தரகர் பேச்சைக் கேட்டு மரம் வெட்டப் போனார்கள். 2015 ஏப்ரல் 7-ஆம் நாள் ஆந்திராவின் சேசாசலம் காட்டில் காவல் துறையினரின் துப்பாக்கிச் சூட்டில் 20 பேர் மாண்டனர். அவர்களில் இந்த மலையைச் சேர்ந்தவர்களும் இருந்தனர். நிலம் சோறு போடாதபோது மனிதன் எங்கெல்லாம் போக நேர்கிறது என்பதை அந்த நாள் நமக்குக் காட்டியது. ஆகவே அரை ஏக்கர் தரிசை மீட்பது சிறு காரியம் என்று நான் எண்ணவில்லை.

கீழே இடிவதற்குக் காரணம் மேலே இருக்கிறது

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மலைக் கிராமத்தில் வயதான அம்மையார் ஒருவர் தம் நிலத்தைக் காட்டினார். மொத்தம் ஐந்து படிகள். கீழ் இரண்டு படிகளில் மட்டும் சாமை இருந்தது. மேல் மூன்றும் புதர். "தம்பி, வருசா வருசம் இந்தக் கீழ்க்கட்டு இடியுது. வருசா வருசம் எடுத்து வைக்கிறேன். மறு மழைக்கு மறுபடியும் இடியுது. கல்லு சரியில்லையா, என் கை சரியில்லையா?" என்று கேட்டார்.

"அம்மா, வாங்க, மேலே போய்ப் பார்ப்போம்" என்று சொல்லி, புதரை விலக்கிக்கொண்டு ஏறினோம். உச்சிப் படியில் கல்கட்டில் ஒரு முழ அகலத்திற்கு ஓர் உடைப்பு. அதன் வழியே வந்த தண்ணீர் இரண்டாம் படியில் வாய்க்கால் அறுத்து, மூன்றாம் படியில் பள்ளம் பறித்து, முழு வேகத்தோடு நான்காம் படியின் கட்டில் மோதியிருந்தது. கல்லிலும் குறையில்லை, அந்த அம்மையாரின் கையிலும் குறையில்லை. அவர் விட்டுவிட்ட படிதான் அவர் உழுத படியை இடித்துக்கொண்டிருந்தது.

இன்றைய பேச்சின் சாரம் இதுதான். படிக்கட்டு நிலத்தில் ஒரு படியை மட்டும் விட்டுவிட முடியாது. மீட்பதையும் கீழிருந்து தொடங்க முடியாது. மேல்படியிலிருந்துதான் இறங்கி வர வேண்டும்.

இதற்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். ஓர் ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 40,000 லிட்டர் தண்ணீர் விழுகிறது. 2024 டிசம்பர்த் தொடக்கத்தில் பெஞ்சல் புயலின்போது, நமக்கு அண்டையில் உள்ள ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஏக்கருக்கு 20 இலட்சம் லிட்டர்! அதே மழையில் திருவண்ணாமலையில் மலைச்சரிவு இறங்கி வீட்டின்மேல் விழுந்து 7 பேர் உயிரிழந்தனர். இனி இத்தகைய மழையை எதிர்பார்த்தே சரிவு நிலத்தை வைத்துக்கொள்ள வேண்டும்.

மண் கணக்கும் இப்படித்தான். ஓர் ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் கனத்திற்கு மேல்மண் போனால் 40 கன மீட்டர், அதாவது ஏறக்குறைய 50 டன் மண் ஓடையில் இறங்கிவிடும். அதைத் திரும்ப உண்டாக்க இயற்கைக்குப் பல தலைமுறைக் காலம் பிடிக்கும்.

முதலில் தண்ணீருக்கு வழி

கல்லைத் தொடும் முன் ஒரு நல்ல மழை நாளில் குடையோ சாக்கோ போர்த்திக்கொண்டு நிலத்தில் நில்லுங்கள். தண்ணீர் எங்கே நுழைகிறது, எங்கே தேங்குகிறது, எங்கே விழுகிறது என்று பார்த்து, அங்கங்கே ஒரு குச்சி நட்டு வையுங்கள். இந்த ஒரு மணி நேரம் பின்னால் பத்து நாள் வேலையை மிச்சப்படுத்தும்.

உச்சிப் படிக்கு மேலே, சரிவுக்குக் குறுக்காக ஒரு திருப்பு வாய்க்கால் வெட்ட வேண்டும். ஒன்றரை அடி ஆழம், இரண்டு அடி அகலம் பெரும்பாலும் போதும். வெட்டிய மண்ணைக் கீழ்ப்புறம் கரையாகப் போடவும். வாய்க்கால் ஒரு பக்கமாக மெல்லச் சாய்ந்திருக்க வேண்டும். நூறு அடி நீளத்திற்கு அரை அடி வாட்டம் போதும். கூடினால் வாய்க்காலே அறுத்துக்கொண்டு போகும். வாட்டம் பார்க்கக் கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் டியூப்பே போதுமானது. வாய்க்கால் முடியும் இடத்தில் பாறையோ, புல் அடர்ந்த இயற்கை ஓடையோ இருக்க வேண்டும். பக்கத்து நிலத்துக்காரரின் தலையில் தண்ணீரை இறக்கிவிடக் கூடாது. பத்து அல்லது பதினைந்து அடிக்கு ஒரு வண்டல் குழி எடுத்தால், வரும் மண் அதில் தங்கும். அதை ஆண்டுக்கு ஒருமுறை அள்ளி நிலத்திலேயே போடலாம்.

படியின் வாட்டத்தையும் பாருங்கள். மழை மிகுந்த இடங்களில் படியின் மேற்பரப்பு மலைப்பக்கமாகச் சற்றே உள்வாட்டமாக இருப்பது நல்லது. அப்போது தண்ணீர் கல்கட்டின்மேல் வழியாமல், உட்புறச் சிறு வாய்க்கால் வழியே வடியும். மழை நடுத்தரமான இடத்தில் சமமட்டம் போதும். நூற்றுக்கு 16 முதல் 33 வரை சரிவுள்ள நிலத்திற்கே படிக்கட்டு முறை ஏற்றது. அதற்கும் செங்குத்தான இடத்தை உழவுக்கு இழுக்காமல் மரத்துக்கும் புல்லுக்கும் விட்டுவிடுவதே நல்லது.

புதரைக் கொளுத்தாதீர்கள்

ஒரு தீக்குச்சியில் வேலை முடிந்துவிடும் என்று தோன்றும். ஆனால் கொளுத்தினால் மண்ணின் மட்கு எரிந்துபோகும். சாம்பல் முதல் மழையில் ஓடிவிடும். சூட்டில் கட்டுக் கல்லும் வெடிக்கும். தீ காட்டுக்குப் பரவினால் வழக்கும் வரும்.

படியின் நடுப்பகுதியில் உள்ள உண்ணிச்செடியை, மழை பெய்து மண் இளகியிருக்கும்போது, தரைக்குக் கீழே இரண்டு மூன்று அங்குல ஆழத்தில் தண்டும் வேரும் சேரும் இடத்தில் வெட்டி, தூரைத் தலைகீழாகப் போட்டுவிடவும். தரைக்கு மேலே வெட்டினால் ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும். பூத்துக் காய்க்கும் முன் இதைச் செய்ய வேண்டும்.

கல்கட்டில் முளைத்த செடிகளை மட்டும் பிடுங்கவே கூடாது. பிடுங்கினால் வேரோடு கல்லும் வரும். அவற்றை ஒட்ட வெட்டி, துளிர்க்கத் துளிர்க்க வெட்டிக்கொண்டே வந்தால் வேர் தானாக மட்கும். பட்டா நிலத்தில் சந்தனக் கன்று முளைத்திருந்தால் வனத்துறையின் அனுமதியின்றிக் கை வைக்காதீர்கள். அதை வளரவிடுவதே உங்களுக்கு ஆதாயம்.

கல்கட்டு எடுக்கும் முறை

சிமெண்டுக் கட்டு உறுதியானது என்று சிலர் நினைக்கிறார்கள். சரிவு நிலத்தில் தண்ணீர் வெளியேற வழியில்லாத சிமெண்டுக் கட்டின் பின்னால் தண்ணீர் நிறைந்து, ஒருநாள் கட்டு மொத்தமாகச் சாயும். கல்லை மட்டும் அடுக்கிய கட்டில் ஒவ்வோர் இடுக்கும் ஒரு வடிகால். ஆகவே உடைப்பையும் கல்லாலேயே அடையுங்கள்.

1. உடைப்பின் இருபுறமும் ஆடிக்கொண்டிருக்கும் கல்லையும் எடுத்துவிடவும். உறுதியான கல் வரும் வரை பிரிக்க வேண்டும். எடுத்த கற்களைப் பெரியது, நடுத்தரம், சில்லு என மூன்று குவியலாகப் போடவும்.

2. கெட்டித் தரை அல்லது பாறை தட்டும் வரை அடிவானம் தோண்டவும். ஓர் அடி முதல் ஒன்றரை அடி வரை பெரும்பாலும் போதும். அடிவானம் மலைப்பக்கமாகச் சற்றுச் சாய்ந்திருக்கட்டும். மிகப் பெரிய கற்கள் அடியில்தான் போக வேண்டும்.

3. கட்டின் அடி அகலம் உயரத்தில் பாதிக்குக் குறையக் கூடாது. நான்கடிக் கட்டுக்கு இரண்டடி அகலம். ஓர் அடி உயர்ந்தால் முகப்பு இரண்டு அங்குலம் உள்வாங்கட்டும்.

4. கல்லின் நீளவாட்டு உள்ளே போகவேண்டும். முகப்பு அழகாகத் தெரிய நீளத்தை வெளியே காட்டி வைத்தால் கட்டு நிற்காது. ஒரு கல்லின்மேல் இரண்டு கல்லும், இரண்டு கல்லின்மேல் ஒரு கல்லுமாக வைத்து, இடுக்கு மேலும் கீழும் ஒரே கோட்டில் வராமல் பார்த்துக்கொள்ளவும். மூன்றடிக்கு ஒரு நீளக் கல்லைக் கட்டின் முழு அகலத்திற்கும் பிணைப்பாகக் கொடுக்கவும்.

5. கட்டின் பின்னால் ஓர் அடி அகலத்திற்குச் சில்லுக் கல்லையே நிரப்பவும். மண்ணைக் கட்டோடு ஒட்டிப் போட்டால் அது ஊறிப் பருத்துக் கல்லைத் தள்ளும்.

6. மேல் வரிசைக்குத் தட்டையான கனத்த கற்களை வைக்கவும். ஆடும் மாடும் மேலே நடப்பதால்தான் பெரும்பாலான உடைப்புகள் தொடங்குகின்றன. ஆகவே கால்நடை ஏறி இறங்க ஓர் ஓரத்தில் தனி வழி விடவும்.

கட்டு முடிந்ததும் மேல் விளிம்பில் அரை அடிக்கு ஒன்றாக வெட்டிவேர் அல்லது கொழுக்கட்டைப் புல் நடவும். மரம் எதையும் கட்டுக்கு ஐந்து அடிக்குள் வைக்க வேண்டாம்.

ஆறடி நீள உடைப்பை எடுக்கப் பழகிய கை இரண்டு பேருக்கு ஒரு நாள் வேலை. இந்தக் கைத்திறன் உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் இருக்கிறது. அவர்களை அழைத்து வந்து நிலத்தில் உட்காரவைத்து, இளைஞர்களைக் கல் எடுக்கச் சொல்லுங்கள். குரோஷியா, சைப்ரஸ், பிரான்ஸ், கிரீஸ், இத்தாலி, சுலோவீனியா, ஸ்பெயின், சுவிட்சர்லாந்து ஆகிய எட்டு நாடுகளின் இதே கல் அடுக்கும் கலையை 2018-இல் யுனெஸ்கோ நிறுவனம் மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தது. நம் பாட்டனார் கையில் இருந்ததும் அதே கலைதான்.

மண்ணைத் தேற்றுதல்

நெடுநாள் கிடந்த நிலத்தில் முதல் ஆண்டே தானியம் எதிர்பார்க்க வேண்டாம். முதல் கோடை மழையில் மேலோட்டமாகக் கொத்தியோ உழுதோ சணப்பு விதைக்கலாம். ஏக்கருக்கு 10 முதல் 14 கிலோ விதை வேண்டும். பூக்கும் தருணத்தில், அதாவது சுமார் 45-ஆம் நாளில், மடக்கி உழவும். ஈரம் குறைவான, சரளை மிகுந்த படிகளில் கொள்ளு விதைப்பது மேல். உழவு எப்போதும் கல்கட்டுக்கு இணையாகவே போக வேண்டும்.

சாமைக்கு ஏக்கருக்கு 5 டன் தொழு உரம் இடப் பரிந்துரைக்கிறோம். மலைமேல் அவ்வளவு எரு சுமப்பது எளிதன்று என்பதை அறிவேன். ஆகவே எருவை அங்கேயே உண்டாக்குங்கள். அறுவடைக்குப் பின் படிக்குப் படி ஆட்டுக்கிடை போடலாம். வெட்டிய புதரின் இலையையும், வேலியோரம் வைத்த கிளைரிசிடியாத் தழையையும், சாணத்தையும் அடுக்கடுக்காக இட்டு, நிழலில் ஒரு மட்குக் குவியல் போடலாம். காய்த்த உண்ணிச்செடியை மட்டும் குவியலில் சேர்க்க வேண்டாம்.

முதலில் சாமை

மீட்ட நிலத்தில் முதல் தானியப் பயிர் சாமையாக இருக்கட்டும். மண் ஆழம் குறைந்தாலும் வரும். உங்களுக்குக் கைவந்த பயிர். மழை தொடங்கியதும் விதைக்க வேண்டும். பிந்தினால் குருத்து ஈ தாக்கும். வரிசை விதைப்புக்கு ஏக்கருக்கு 4 கிலோவும், கைவிதைப்புக்கு 5 கிலோவும் விதை போதும். வரிசைக்கு வரிசை 25 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 10 சென்டிமீட்டர் இருக்கட்டும். கைவிதைப்பைவிட வரிசை விதைப்பில் களை எடுப்பது எளிது. இரசாயன உரம் இடுபவர்கள் ஏக்கருக்குச் சுமார் 18 கிலோ தழைச்சத்தும் 9 கிலோ மணிச்சத்தும் இடலாம். எட்டு வரிசை சாமைக்கு ஒன்றிரண்டு வரிசை துவரை சேர்த்தால், சாமை அறுத்த பின்னும் மண் மூடியிருக்கும்.

திருவண்ணாமலையை அடுத்த அத்தியந்தலில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் 2019-இல் ஏ.டி.எல். 1 என்னும் சாமை இரகத்தை வெளியிட்டது. 85 முதல் 90 நாளில் அறுவடைக்கு வரும். ஒரு படியில் இதையும், மற்றொரு படியில் உங்கள் நாட்டு விதையையும் போட்டு, உங்கள் மண்ணில் எது தேறுகிறது என்று நீங்களே பாருங்கள். நாட்டு விதையை மட்டும் கைவிட்டுவிடாதீர்கள்.

ஒரு படி 20 அடி அகலமும் 200 அடி நீளமும் என்று கொண்டால், ஐந்து படிகள் சேர்ந்து 20,000 சதுர அடி, அதாவது சுமார் 46 சென்ட். இதற்கு வரிசை விதைப்பில் இரண்டு கிலோ விதை போதும். விதைச் செலவு மிகவும் சிறியது. உழைப்புதான் முதல்.

மூன்றாம் ஆண்டில் கட்டு நிலைத்துவிட்டது என்று தெரிந்த பின், பழ மரம் வையுங்கள். சீத்தாவிற்கு ஒன்றரை அடிக் கன சதுரக் குழி எடுத்து, 5 மீட்டர் இடைவெளி விடலாம். அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலைய இரகமான ஏ.பி.கே. 1 மானாவாரிக்கு ஏற்றது. பெரிய மரங்களான பலாவையும் புளியையும் படியில் வைக்காமல் நிலத்தின் எல்லையிலும் ஓடை ஓரத்திலும் வையுங்கள்.

திராட்சை வைக்கலாமா?

இளைஞர் சிலர் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். வெளிநாட்டில் மலைப் படிகளில் திராட்சை விளைவதைப் படத்தில் பார்த்திருக்கிறார்கள். நியாயமான கேள்வி.

இத்தாலியின் வடமேற்குக் கடற்கரையில் சிங்க்வெ தெர்ரே என்னும் ஐந்து ஊர்கள் உள்ளன. கடலிலிருந்து செங்குத்தாக எழும் மலையில் நூற்றாண்டுக் கணக்கில் கல்கட்டுக் கட்டித் திராட்சை வைத்தார்கள். 1997-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. ஆனால் அங்கும் இளைஞர்கள் பக்கத்து நகரத்துக் கப்பல் தளத்திற்கும் சுற்றுலாத் தொழிலுக்கும் போய்விட்டதால் பெரும்பகுதிப் படிகள் தரிசாயின. 2011 அக்டோபர் 25-ஆம் நாள் பெய்த பேய் மழையில் மலை இறங்கி, வெர்னாட்சா, மொன்ட்டரோசோ என்னும் இரண்டு ஊர்களைச் சேற்றில் மூழ்கடித்தது. உயிர்ச்சேதமும் ஏற்பட்டது. பேணுவார் இல்லாத படிகள் அங்கே கவலைக்கு உரியவை ஆயின. இன்று சிலர் விட்ட படிகளை மீட்டு, சிறு சிறு திராட்சைத் தோட்டங்களாக ஆக்கி வருகிறார்கள். அவர்களும் கல்லில்தான் தொடங்குகிறார்கள், கொடியில் அன்று.

ஐரோப்பாவில் இத்தகைய சிறு தோட்டக்காரர் சிலர் பயோடைனமிக் எனப்படும் உயிராற்றல் வேளாண்மையைக் கடைப்பிடிக்கிறார்கள். 1924-இல் ருடால்ஃப் ஸ்டைனர் என்னும் அறிஞர் ஆற்றிய எட்டு உரைகளில் தோன்றிய முறை அது. பசுவின் கொம்பில் சாணம் அடைத்துப் புதைத்து எடுத்துக் கரைத்துத் தெளிப்பது, மட்கு எரு, பயிர்ச் சுழற்சி, கோள் நிலை பார்த்து விதைப்பது ஆகியவை அதில் அடங்கும். சுவிட்சர்லாந்தில் தெர்வில் என்னும் இடத்தில் 1978 முதல் இம்முறையையும் மற்ற முறைகளையும் அருகருகே வைத்து ஆய்ந்து வருகிறார்கள். 21 ஆண்டு முடிவுகள் 2002-இல் வெளியாயின. உயிராற்றல் முறையும் சேர்ந்த இயற்கை முறைகளில் மகசூல் சுமார் நூற்றுக்கு 20 குறைந்தது. ஆனால் உரமும் எரிசக்தியும் நூற்றுக்கு 34 முதல் 53 வரை குறைவாகவே தேவைப்பட்டன. மண்ணில் உயிர்கள் பெருகின. இந்த நன்மை மட்கு எருவிலிருந்தும் பயிர்ச் சுழற்சியிலிருந்தும் வந்தது என்றே கொள்ளலாம். கொம்புச் சாணத்தின் தனிப்பயன் தெளிவாக நிறுவப்படவில்லை. ஆகவே எருக்குழியை முதலில் வெட்டுங்கள். மற்றவை உங்கள் விருப்பம். மூன்று சத பஞ்சகவ்யா, அதாவது 100 லிட்டர் தண்ணீருக்கு 3 லிட்டர், தெளிக்க விரும்புவோர் தெளிக்கலாம்.

இனி நம் மலைக்கு வருவோம். நம் மாநிலத்தில் திராட்சைக்குப் பெயர் பெற்றது தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கு. அங்கு விளையும் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது பாசன வசதி உள்ள பள்ளத்தாக்கு. நம் மலையோ வேறு. காவலூர் வானாய்வகம் இருக்கும் இடம் கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரம். மழைக் காலத்தில் பனிமூட்டமும் ஈரமும் நிற்கும். அப்போது திராட்சையை அடிச்சாம்பல் நோய் தாக்கும். 100 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ மயில்துத்தமும் ஒரு கிலோ சுண்ணாம்பும் சேர்த்த ஒரு சத போர்டோக் கலவையைத் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டிவரும். உயிராற்றல் முறைத் தோட்டக்காரர்களும் தாமிர மருந்தை அளவோடு அடிக்கத்தான் செய்கிறார்கள். மழைக்குத் தப்ப வேண்டுமானால் டிசம்பர், ஜனவரியில் கவாத்துச் செய்து ஏப்ரல், மே மாதங்களில் அறுக்கும் கோடைப் பயிர் ஒன்றையே எடுக்க முடியும். அந்த நான்கு மாதமும்தான் மலையில் தண்ணீர் இருக்காது.

ஆகவே என் கருத்து இது. கோடையிலும் வற்றாத கிணறு உள்ளவர்கள், கிணற்றை ஒட்டிய ஒரே ஒரு படியில், பத்துக் கொடி மட்டும் வைத்துப் பாருங்கள். 3 மீட்டருக்கு 2 மீட்டர் இடைவெளியில் பத்துக் கொடிக்கு 60 சதுர மீட்டர் இடம் போதும். பந்தல் கால் கல்கட்டின்மேல் நிற்கக் கூடாது. மூன்று ஆண்டு பார்த்துத் தேறினால் பெருக்கலாம். கடன் வாங்கி ஓர் ஏக்கர் பந்தல் போட வேண்டாம்.

மேல்படி பக்கத்துவீட்டாருடையது என்றால்?

இது கடைசிக் கேள்வி, கடினமான கேள்வியும்கூட. பல சரிவுகளில் மேல்படி அண்ணனுடையது, கீழ்ப்படி தம்பியுடையது. மேல்படிக்காரர் திருப்பூரில் வேலை செய்கிறார். அவர் நிலத்தில் உடைப்பு, உங்கள் நிலத்தில் நட்டம். சண்டை போட்டுப் பயனில்லை. போன் போட்டுப் பேசுங்கள். "அண்ணே, உன் படியில கட்டை நான் எடுத்து வைக்கிறேன், மூணு வருசம் சாமை மட்டும் போட்டுக்கிறேன், நிலம் உன்னுதுதான்" என்று ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் சொல்லி, ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கும் நிலம் கெடாமல் இருக்கும்.

ஒரு சரிவைச் சேர்ந்த ஐந்தாறு குடும்பங்கள் மாறி மாறிக் கைம்மாற்று வேலை செய்தால், ஒரு கோடையில் ஒரு சரிவு முழுவதையும் எடுத்துவிடலாம். வேலை தொடங்கும் முன் பட்டா எல்லையையும் வன எல்லையையும் கிராம நிர்வாக அலுவலரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். வன உரிமைச் சட்டம், 2006-இன்கீழ் உரிமை பெற்றவர்கள் அந்த ஆவணத்தைக் கையில் வைத்திருங்கள். கல் வரப்புக்கும் மண் காப்புப் பணிக்கும் அரசு உதவி உண்டா என்று வேளாண்மைப் பொறியியல் துறையிலும் ஊராட்சியிலும் விசாரியுங்கள். பயிர் ஐயங்களுக்கு விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.

மாதவாரி வேலை

தை, மாசி: எல்லை பார்த்தல், கற்களைப் பிரித்துக் குவித்தல்.

பங்குனி, சித்திரை: மேல்படியில் தொடங்கிக் கல்கட்டு எடுத்தல், திருப்பு வாய்க்கால் வெட்டுதல்.

வைகாசி: கோடை மழையில் புதரைத் தூரோடு வெட்டுதல், முதல் ஆண்டாயின் சணப்பு அல்லது கொள்ளு விதைத்தல்.

ஆனி, ஆடி: வெட்டிவேர் நடுதல், இரண்டாம் ஆண்டு முதல் சாமை விதைத்தல்.

புரட்டாசி, ஐப்பசி: அறுவடை, ஆட்டுக்கிடை.

கார்த்திகை, மார்கழி: ஒவ்வொரு பெருமழைக்குப் பின்னும் கட்டைச் சுற்றி வந்து, விழுந்த கல்லை அன்றே எடுத்து வைத்தல்.

இந்தக் கடைசி வேலையை மறவாதீர்கள். விழுந்த ஒரு கல்லை அன்றே வைத்தால் கால் மணி நேர வேலை. அடுத்த மழைக்கு விட்டால் ஒரு நாள் வேலை. ஐந்து ஆண்டு விட்டால் ஐந்து படியும் போகும்.

நான் சொன்ன அந்த அம்மையார் மறு ஆண்டு தம் பேரனை அழைத்துக்கொண்டு உச்சிப் படிக்கு ஏறினார். முதலில் அடைத்தது அந்த ஒரு முழ உடைப்பைத்தான். அந்த மழைக்குக் கீழ்க்கட்டு இடியவில்லை. மற்ற படிகளை அவர்கள் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வீட்டுக்குப் போனதும் உங்கள் நிலத்தின் உச்சிப் படிக்கு ஒருமுறை ஏறிப் பாருங்கள். அங்கே விழுந்து கிடக்கும் முதல் கல்லைக் கையில் எடுங்கள். வேலை தொடங்கிவிட்டது.